போர்வை மசோதா

ரோசன்டால்
1988 பிப்ரவரி 11, வியாழன்

அன்புள்ள தம்பி மில்பர்ட்டுக்கு,

அக்கா லியோனா எழுதுவது. நானும் தீவனக் கடையும் நின்றுகொண்டிருக்கிறோம். கடை வடக்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நான் இடது முழங்கால் பக்கமாக. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. போனில் கேட்டால் பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது, அரைப் பக்கமாவது நிரப்பியாக வேண்டும். அதற்காகத்தான் கடிதம்.

நம் லாரி ஓட்டுகிற ஆர்வில்லிடம் சாசேஜும் ஹுல்டா சுட்ட பிளம்ஸ் கூகன் கேக் ஒன்றும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மில்லில் தீவனம் ஏற்றப் போகிற வழியில் தலைநகரில் உன் விடுதி வாசலில் வைத்துவிட்டுப் போவான். கூகனைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போட்டு நல்ல பெயர் வாங்காதே. பள்ளிச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து ஹுல்டா அதை உனக்கென்று சுட்டாள். அவள் பேத்தி கார்லாவின் காலுக்குப் புதிய பூட்ஸ் வந்துவிட்டது. இரண்டு விரல் போன இடத்தில் கம்பளி அடைத்திருக்கிறார்கள். நொண்டாமல் நடக்கிறாள், ஓடும்போதுதான் தெரிகிறது.

நீ அனுப்பிய வேட்புமனுத் தாளை எப்போதும் வைக்கிற இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில், தோட்ட விதைப் பொட்டலங்களுக்கு முன்னால் வைத்துவிட்டேன். பேனாவை நூலால் கட்டியிருக்கிறேன். கட்டாத பேனா இந்த ஊரில் ஒரு நாள் தாங்காது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பலர் கையெழுத்துப் போட்டார்கள். மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்க வந்தவன் உப்புக்கட்டியை மறந்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனான். எல்லாம் அந்தப் போர்வை மசோதாவின் மகிமை. போன வருஷப் பனிப்புயலில் பள்ளி பஸ் பாதையில் மாட்டி, பிள்ளைகள் விடிகிற வரைக்கும் நடுங்கிக் கிடந்ததையும், கார்லாவின் விரல்கள் குளிரில் விறைத்துப் போனதையும் யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் கம்பளிப் போர்வையும் மண்வெட்டியும் மெழுகுவர்த்தியும் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர உனக்கு மட்டும்தான் தோன்றியது. இத்தனை வருஷத்தில் நீ செய்ததிலேயே இதுதான் உருப்படியான காரியம் என்று ஊர் சொல்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

பதினாறு வருஷம். முதல் தடவை நீ மாநிலச் சபைக்கு நின்றபோது தீவன லாரிக் கதவில் வெள்ளை பெயிண்ட்டால் உன் பெயரை எழுதினோம். பிறகு இரண்டு முறை அதன்மேல் பச்சை அடித்தாயிற்று. மழை பெய்தால் இன்னும் உன் பெயர் மங்கலாகத் தெரிகிறது. அன்றிலிருந்து உன் பதவிக்கு வாசல் என் கடைதான். முள்கம்பி வாங்க வருகிறவன் கம்பியோடு ஒரு குறையையும் கல்லாவில் இறக்கிவிட்டுப் போகிறான். ரோட்டில் பள்ளம், பென்ஷன் வரவில்லை, பக்கத்து நிலத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான், "உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." சரக்குக்கு விலை போடத் தெரியும் எனக்கு, இந்தக் குறைகளுக்கு என்ன விலை போடுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை. நீயோ குளிர்காலம் அங்கே சபையில், கோடைக்காலம் யார் வீட்டுத் துக்கம், யார் வீட்டுக் கல்யாணம் என்று அலைந்தே முடித்தாய். உனக்கென்று ஒரு கல்யாணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறாய். வாரம் ஒரு தடவை போய்க் குழாய் உறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். குறை சொல்லவில்லை. முழங்கால் சொல்கிறது, அதை எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று சொன்னாய். உங்கள் கட்சிக் கொறடா வந்து, கெடு நெருங்குகிறது, புதிய மசோதா கொண்டுவர நாள் இல்லை, உன் மசோதாவின் வரிசை எண்ணைக் கடனாகக் கொடு, அதற்குள் எங்கள் விஷயம் ஒன்றைப் போட்டுக்கொள்கிறோம், போர்வை சமாச்சாரத்தை வேறொன்றில் ஒட்டிவிடுகிறோம் என்று கேட்டாராம். நீயும் கொடுத்துவிட்டாயாம். சபையில் கடைசி வாரங்களில் எல்லோரும் செய்வதுதான், இனி கொறடா நமக்குக் கடமைப்பட்டவர், ஆற்றுப் பாலம் வந்துவிடும் என்றாய். உன் குரலில் சந்தோஷம் இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். என் கடைப் பெயர் அச்சடித்த சாக்கை நான் வெறும் சாக்காக யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்டால் இல்லை என்பேன், அல்லது பெயர் இருக்கிற பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பேன். வாங்கிப் போனவன் அதில் பூஞ்சை பிடித்த ஓட்ஸை அடைத்து விற்றால், மாடு செத்தவன் என் வாசலுக்குத்தான் வருவான். அந்த எண்ணுக்கு மேலே உன் பெயர் இருக்கிறது. உள்ளே என்ன அடைக்கப் போகிறார்கள் என்று கேட்டாயா? கேட்கவில்லை என்றால் நாளைக் காலையே போய்க் கேள். வெட்கப்படாதே. கேட்பதில் நஷ்டமில்லை.

குத்தகைக்காரன் குர்டிஸ் வந்து உன் நிலத்தில் இந்த வருஷம் சூரியகாந்தி போடலாமா என்று கேட்டான். போடு என்றேன். அவன் அப்பா எர்வின் போன பிறகு அந்தப் பையன் ஒற்றை ஆளாக அவர் விட்டதையும் உன்னுடையதையும் சேர்த்து உழுகிறான். எர்வினின் டிராக்டர் கொட்டகைப் பக்கம் மட்டும் இன்னும் போவதில்லை. அன்றைக்கு உள்ளே போய் எர்வினைத் தூக்கி வந்தது நீதான் என்பதை ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சாக்கில் சொல்கிறான்.

அப்பாவின் துப்பாக்கியைக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதும் கொண்டுவர மறந்துவிட்டாய். ஃபெசன்ட் கோழி வேட்டை முடிந்து எத்தனை நாளாயிற்று, இன்னும் உன் கார் டிக்கியில்தான் கிடக்கும். எண்ணெய் போடாமல் வைத்தால் துருப்பிடிக்கும்.

கர்த்தர் உன் முதுகை நேராக வைக்கட்டும்.

உன் அக்கா,
லியோனா


ரோசன்டால்
மார்ச் 6, ஞாயிறு

அன்புள்ள மில்பர்ட்,

நலம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே விசாரிப்பது மரியாதையில்லை, அதனால் நேராக எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் நம் குடும்பப் பெயர், 'ஹாய்பெல் மசோதா நிறைவேறியது'. கீழே சின்ன எழுத்தில், பிள்ளைகள் குறைந்த உயர்நிலைப் பள்ளிகளை இழுத்து மூடச் சட்டம். மூடப்போகிற பள்ளிகளின் பட்டியலில் நம் ஊர் நடுவில் இருக்கிறது. நீ எதிர்த்து ஓட்டுப் போட்டாய் என்பது மூன்றாம் பக்கத்தில், டிராக்டர் டயர் விளம்பரத்துக்குக் கீழே. அங்கே யார் படிக்கிறார்கள்?

நீ அன்றைக்குப் போன் செய்தபோது நான் அதிகம் கேட்கவில்லை. உன் மூச்சு சரியில்லை. எண்ணையும் தலைப்பையும் உன் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டு, போர்வையை உருவி எறிந்துவிட்டுப் பள்ளிப் பூட்டை உள்ளே திணித்துவிட்டார்கள் என்று இரண்டு தடவை சொன்னாய். பன்றிக்கொட்டில் போட்டுவிட்டார்கள், நம் சபையில் அதற்கு அதுதான் பெயர், சட்டப்படி சரிதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றாய். போர்வையை வேறு மசோதாவில் ஒட்டினார்களா என்று கேட்டேன். அதற்கு, யாரிடமும் சொல்லாதே அக்கா என்றாய். பதினாறு வருஷம் அந்தச் சபையில் உட்கார்ந்தவன் கேட்காமல் கொடுத்து ஏமாந்தான் என்று ஊர் சிரிப்பதைவிட, கெட்டவன் என்று திட்டுவதே மேல் என்றாய்.

சொல்லவில்லை. வாயைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் நேற்றைய கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பள்ளி உணவுக்கூடத்தில் பீப்பாய்க் கூட்டம். பீப்பாயும் கிடையாது, பிஸ்கட்டும் கிடையாது, பெயர் மட்டும் பழைய மளிகைக் கடைக் காலத்துப் பெயர். சபை நடக்கிற மாதங்களில் நம் தொகுதி உறுப்பினர்கள் மூன்று பேரும், செனட்டரும் நீயும் இன்னொருவரும், சனிக்கிழமை வந்து ஊருக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லுகிற வழக்கத்தை நீ இதுவரை ஒரு தடவையும் தவற விட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாய். அம்மாவை அடக்கம் செய்த வாரமும் வந்தாய். நேற்று மேடையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டில் ஆள். நடுவில் உன் பெயர் எழுதிய அட்டை மட்டும். நின்று கேட்கிற அளவுக்குக் கூட்டம். என் கடையில் கடன் சொல்லிப் பத்து வருஷமாக ஒளிந்து திரிகிறவன்கூட வந்திருந்தான்.

பாதை மோசம், வர முடியவில்லை என்று நீ சொல்லியனுப்பியதை செனட்டர் எழுந்து வாசித்தார். அந்த நேரம் பார்த்து ஆர்வில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான், தொப்பியில் தவிட்டுத் தூசியோடு, நீ இருக்கிற தலைநகரிலிருந்து நேராக அதே பாதையில். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், "என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க, ரோடு நல்லாத்தான் இருந்துது" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நம் ஊரார் சிரித்துவிட்டால் பாதிக் கோபம் போய்விடும்.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். ஆற்றுப் பாலத்துக்காகப் பள்ளியை விற்றுவிட்டான் என்றான் ஒருவன். பிள்ளை பெறாதவனுக்குப் பள்ளியின் அருமை எப்படித் தெரியும் என்றாள் ஒருத்தி. அவள் யார் என்று எழுதமாட்டேன், அவள் பிள்ளைக்கு நீதான் ஞானத் தகப்பன். ஹுல்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகவே பேசினாள். கத்தவில்லை. "இனிமே முப்பது மைல் போகணும், முப்பது மைல் வரணும். கார்லாவும்தான். அந்த பஸ்ஸுல போர்வைகூட இல்ல. லியோனா, உன் தம்பி எதுக்காக இப்படிப் பண்ணான்? நீ சொல்லு."

எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "நான் தீவனம் விக்கிறவ, ஹுல்டா. அவனுக்கு வாய் இருக்கு, அவன்தான் சொல்லணும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருந்தால் அன்று மாலையே காரை எடுத்திருப்பாய். கடைசியில் குர்டிஸ் எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், காதெல்லாம் சிவந்துவிட்டது. "எங்க அப்பாவ தூக்கிட்டு வந்தது அவரு. அவரு வந்து, நான்தான் பண்ணேன்னு சொன்னா நம்பறேன். வர்றவரைக்கும் நம்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அத்தோடு கூட்டம் கலைந்தது. காபி ஆறிப்போயிருந்தது.

வேட்புமனு விஷயமும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் திரும்பி வந்து அடித்துவிடச் சொல்கிறார்கள். சிலர் கேட்கக்கூட இல்லை, பேனாவை எடுத்துத் தாங்களே அடித்துவிட்டுப் போகிறார்கள், நூல் அறுந்துவிட்டது. தாளை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டேன். கெடு நாளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நீ திரும்ப நிற்பதா வேண்டாமா என்பதை நான் இப்போது கேட்கவில்லை. நின்றால் தோற்பாய், அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

நான் கேட்பது வேறு. அடுத்த சனிக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறது. சபையும் அந்த வாரத்தோடு முடிகிறது. வந்து அந்த நடு நாற்காலியில் உட்கார். நான் ஏமாந்துவிட்டேன், கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொல். நாற்பது வருஷமாக இந்த ஜனங்களோடு வியாபாரம் செய்கிறேன். தங்களை ஏமாற்றியவனுக்கு இவர்கள் வாழ்நாள் முழுக்க முகம் கொடுப்பதில்லை. ஏமாந்தவனுக்குக் காபி ஊற்றிக் கொடுப்பார்கள். கொஞ்சம் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. இவர்களில் வங்கிக்காரனிடம் ஏமாறாதவன் யார், தானிய விலையில் ஏமாறாதவன் யார்?

சாப்பிடு. தூங்கு. இரண்டையும் கட்டளையாகவே எழுதுகிறேன்.

உன் அக்கா,
லியோனா


ரோசன்டால்
மார்ச் 17, வியாழன்

மில்பர்ட்,

இதை ஆர்வில் உன் கையில் கொடுப்பான். வாசலில் வைத்துவிட்டுப் போகமாட்டான். கையில் கொடுக்கிற வரை கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். அவன் தட்டினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சீக்கிரம் திறந்துவிடு.

சனிக்கிழமை நாற்காலி மறுபடியும் காலி. ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று செனட்டர் சொன்னார், எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். பள்ளி முடிந்தது. அதைப் பற்றி இனி நீயோ நானோ செய்ய ஒன்றுமில்லை.

சபை முடிந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் கார் விடுதி வாசலிலேயே நிற்கிறது, மேலே விழுந்த பனியைக்கூட யாரும் தட்டவில்லை என்று விடுதிக்காரி சொல்கிறாள். திரைச்சீலை மூடியே இருக்கிறதாம். அறையைச் சுத்தம் செய்ய வருகிற பெண்ணை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறாயாம். நல்ல பெண்பிள்ளை அந்த விடுதிக்காரி. இந்த வாரம் தினமும் போனில் அவளைத் தொந்தரவு செய்துவிட்டேன். நான் பேச வேண்டும் என்றால், தூங்குகிறார் என்று சொல்லச் சொல்கிறாயாம். கொட்டகைக்குள் போய்த் தன் கதையைத் தானே முடித்துக்கொண்ட அந்த வாரம் எர்வினும் போனை எடுக்கவில்லை.

உன் பேச்சை மீறிவிட்டேன். சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன், நல்ல பேரம் என்று தெரிந்து செய்தது. நேற்று புதன்கிழமை, தவக்கால சூப் விருந்துக்குக் கோயிலுக்குப் போனேன். யாரும் என் மேசையில் உட்காரவில்லை. ஹுல்டா சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, நான் முதல் நாளிலிருந்து தெரிந்து வைத்திருந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். கொறடா வந்து கேட்டது, எண்ணைக் கொடுத்தது, உள்ளே என்ன போடுவீர்கள் என்று நீ கேட்காதது, போர்வை குப்பைக்குப் போனது. கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அப்ப அவன் நம்மள விக்கல?"

"விக்கல. அவனத்தான் வித்துட்டாங்க" என்றேன்.

"வெறும் முட்டாப்பயலா?"

"ஆமாம். எங்க குடும்பத்துல அவன் ஒருத்தன்தான்."

ஹுல்டா சிரித்தாள், மில்பர்ட். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அதே கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதச் சொல்றதுக்கு என்னவாம் அவனுக்கு? சூப்பு இருக்குன்னு சொல்லு, வரச் சொல்லு" என்றாள். நான் கிண்ணத்தோடு திரும்புவதற்குள் அவள் அடுத்தவளிடம் சொல்லிவிட்டாள். உனக்கு ஹுல்டாவைத் தெரியும். நான் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. உன் ஞானப் பிள்ளையின் அம்மா, நான் பெயர் எழுதாமல் விட்டேனே, அவள் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள், என் முழங்காலுக்குக் கீழே ஒரு திண்டை வைத்தாள்.

எல்லோரும் மன்னித்துவிட்டார்கள் என்று பொய் எழுதமாட்டேன். பள்ளி போனது போனதுதான். சிலர் இனி உன் கையைக் குலுக்கமாட்டார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நீ மிகவும் பயந்த அந்தச் சிரிப்பு நேற்றோடு வந்து போய்விட்டது. நீ இல்லாமலே சிரித்து முடித்துவிட்டோம். இங்கே வந்தால் உனக்குக் காத்திருப்பது மிச்சமிருக்கிற வேலை மட்டும்தான்.

வேலை நிறைய இருக்கிறது. குர்டிஸுக்கு விதைப்புக்கு ஒரு ஆள் குறைகிறது. சம்பளம் தரமாட்டான், அவன் அம்மா நன்றாகச் சமைப்பாள். உன் வீட்டில் சமையலறைக் குழாய் உறைந்து வெடித்துவிட்டது, தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறேன். பெண்கள் சங்கத்தில் பஸ்களுக்குப் போர்வை தைக்கப் போகிறார்கள். சட்டம் இல்லாவிட்டால் என்ன, போர்வையை யார் தடுக்கப் போகிறார்கள் என்கிறாள் ஹுல்டா. எந்த பஸ், எத்தனை பிள்ளைகள், எந்தப் பாதை என்பதெல்லாம் உன் ஒருவன் தலையில்தான் இருக்கிறது. நீ வந்து சொல்லாமல் அவர்கள் துணி வெட்ட முடியாது.

கட்சி ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஹாய்பெல் என்ற பெயருக்குத் தொகுதியில் இன்னும் மதிப்பு இருக்கிறது, அதனால் உன் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவன் போதும், அவனைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு பேசலாம் என்றேன். அவர்கள் எதுவும் வாங்காமல் போய்விட்டார்கள். உன் வேட்புமனுத் தாள் என் மேசைக்குள் இருக்கிறது. வந்த பிறகு உன் கையால் வெளியே எடுத்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி. எனக்கு இரண்டும் ஒன்றுதான், தம்பி. லாரிக் கதவில் உன் பெயரை எழுதுவதற்கு முன்னாலும் நீ என் தம்பியாகத்தான் இருந்தாய், தண்ணீர் வாளியைத் தூக்க முடியாமல் தரையெல்லாம் சிந்திக்கொண்டு.

இனி நான் சொல்கிறபடி செய். முதலில் கார் டிக்கியைத் திறந்து அப்பாவின் துப்பாக்கியை ஆர்வில்லிடம் கொடு. அறைக்குள் வைத்திருந்தால் அறையிலிருந்து எடுத்துக் கொடு. தோட்டா டப்பாவும் சேர்த்து. தீவனக் கிடங்கில் எலித் தொல்லை தாங்கவில்லை, எனக்கு அது உடனே வேண்டும். எலிக்கு யாராவது துப்பாக்கி கேட்பார்களா என்று நீ கேட்பாய். நான் கேட்கிறேன், கொடு. அதற்குப் பிறகு முகத்தைக் கழுவு. சட்டை மாற்றாவிட்டால் பரவாயில்லை. காரை அங்கேயே விடு, குர்டிஸ் ஞாயிற்றுக்கிழமை போய் ஓட்டி வருவான். பெட்டியைக் கட்ட ஆர்வில் உதவி செய்வான், அவன் எதையும் மடிக்கத் தெரியாதவன், திட்டாதே.

அவனிடம் மில்லில் தீவனம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவன் ஏற்றி வர வேண்டிய சரக்கு நீதான். பக்கத்து இருக்கை காலியாக லாரி என் வாசலுக்கு வரக்கூடாது. விளக்கை அணைக்காமல் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

பாதை நன்றாக இருக்கிறது. கர்த்தர் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
லியோனா

பி.கு.: லாரியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இருக்கையில் இரண்டு போர்வை வைத்திருக்கிறேன். ஆர்வில்லுக்கு ஒன்று போதும்.